ட்ரோனில் மருந்தடிப்பு: வானத்துக்கு மத்திய அரசின் சட்டம் இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக்கு யார் பொறுப்பு?

வயல்வரப்பு (கொழிஞ்சாம்பாறை)

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எனக்கு நான்கு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. இந்த இரண்டாம் போகத்தில் இலைச்சுருட்டுப் புழு கடுமையாக விழுந்தது. தெளிப்பானை முதுகில் சுமந்து மருந்தடிக்க ஆள் கிடைக்காததால், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குழுவை ட்ரோனுடன் வரவழைத்தேன். எல்லையில் அவர்களை நிறுத்திய காவலர், தமிழ்நாட்டு ட்ரோன் கேரளத்தில் பறக்க இந்த மாநிலத்தின் அனுமதி எங்கே என்று கேட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தார். காலை ஆறரை மணிக்குத் தொடங்க வேண்டிய வேலை ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது. அதற்குள் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குக் காற்று எழுந்துவிட்டது. இருந்தாலும் முக்கால் மணி நேரத்தில் நான்கு ஏக்கரையும் அடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் வயலுக்கு நேர் மேற்கே ஓர் அக்கா மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார். இரண்டாம் நாள் அவருடைய புழுமனையில் புழுக்கள் இலையைத் தொடவில்லை. நான்காம் நாளுக்குள் பெரும்பகுதி செத்துப்போயிற்று. ஐந்தாம் பருவத்துப் புழு, இன்னும் நான்கைந்து நாளில் கூடு கட்டியிருக்கும்.

அந்தக் காவலர் கேட்ட மாநில அனுமதி என்ற ஒன்று சட்டத்தில் உண்மையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதைவிட முக்கியமாக, அக்காவின் இழப்புக்கு எந்தச் சட்டத்தின் கீழ் யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபுரத்திலிருந்து (பாலக்காடு)

ஐயா, நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றே. அவை வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரித்து, ட்ரோன்களுக்கான மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வரைபடமாகக் காட்டுகின்றன. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க யாருடைய முன் அனுமதியும் தேவையில்லை. விமான நிலையத்தின் சுற்று எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் இந்தச் சலுகை 200 அடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே போனால் அது மஞ்சள் மண்டலம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 8 கிலோமீட்டருக்கு உள்ளே இந்தச் சலுகையே கிடையாது. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே முடியாது.

இந்த விதிகள் வருவதற்கு முன் மஞ்சள் மண்டலம் விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை நீண்டிருந்தது. கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து உங்கள் ஊர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் என்பதால், பழைய கணக்கில் உங்கள் நெல் வயலுக்கு மேலே பத்தடி உயரத்தில் பறப்பதற்கும் அனுமதி கேட்டிருக்க வேண்டும். அது 12 கிலோமீட்டராகச் சுருங்கிய பிறகு அந்தத் தேவை போய்விட்டது. ஆனால் மண்டலம் எந்த நேரமும் மாறலாம் என்பதால், ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் ட்ரோனை ஓட்டும் இயக்குநர் வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கத்து ஆள்கள் பலர் இதைச் செய்வதில்லை. ஆள் ஏறிய விமானத்துக்கே எப்போதும் வழியுரிமை என்பதையும், நெல் வயலில் பறக்கிறவருக்கும் அது பொருந்தும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு அங்கி (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

மேலே எழுதிய பெரியவர் வானத்தைச் சொன்னார். வழக்கறிஞனான நான் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் வான்வழிகள், வானூர்திகள், வான்போக்குவரத்து ஒழுங்கு ஆகியவை மத்தியப் பட்டியலின் 29ஆவது பதிவில் இருக்கின்றன. அந்த அதிகாரத்தில் வந்ததுதான் 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம். அதை நீக்கிவிட்டு வந்ததுதான் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய வாயுயான் அதினியம், 2024. பழைய சட்டத்தின் கீழ் போட்ட ட்ரோன் விதிகள் புதிய சட்டத்தின் கீழும் தொடர்கின்றன. ஆகவே பொள்ளாச்சியில் செல்லுபடியாகும் இயக்குநர் சான்றிதழும் பதிவு எண்ணும் கொழிஞ்சாம்பாறையிலும் செல்லுபடியாகும். "கேரள ட்ரோன் அனுமதி" என்று தனியாக ஒரு தாள் கிடையாது.

ஆனால் காவல் துறைக்கு இதில் எந்த வேலையும் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காவல் மாநிலப் பட்டியலின் 2ஆவது பதிவு, வேளாண்மை 14ஆவது பதிவு. ட்ரோன் விதிகளே மாநில அரசுக்கும் காவல் துறைக்கும் ஓர் அதிகாரத்தைத் தருகின்றன. அவசரத் தேவை இருந்தால், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை ஒரு முறைக்கு 96 மணி நேரத்துக்கு மிகாமல் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாத நாளில், பதிவு எண்ணையும் சான்றிதழையும் காட்டிய பிறகும் ஒருவரை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க முகாந்திரம் இல்லை.

அந்தக் குழு அந்த இரண்டு தாள்களைக் காட்டியதா? உங்கள் பதிவில் அது இல்லை.

வயல்வரப்பு

சான்றிதழைக் காட்டினார்கள். பதிவு எண் ட்ரோனில் ஒட்டியிருந்தது, மறுநாள் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன்.

வேலைப்படம் (நெம்மாறை)

நான் திருமணப் படப்பிடிப்பாளன். எங்கள் தொழிலில் பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். "சின்ன ட்ரோனுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்குத்தான் அது முழுமையாகப் பொருந்தும். அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகைக்குச் சொந்த மகிழ்ச்சிக்காகப் பறக்கவிடும்போது மட்டுமே விலக்கு உண்டு. கூலி வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் இயக்குநர் சான்றிதழ் கட்டாயம். இதை நான் தெரிந்துகொண்டது சில ஆண்டுகளுக்கு முன் 'வேல' எனும் கோயில் திருவிழாவில் காவலர்கள் என் கருவியை இறக்கச் சொன்னபோதுதான். அன்று எனக்குக் கோபம் வந்தது. யானைகள் நிரையாக நிற்கும் இடத்தில், தலைக்கு மேலே வண்டு போல் ஓசையிடும் ஒன்றைப் பறக்கவிட்டது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் புரிந்தது. எனவே எல்லையில் நிறுத்திய காவலரை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனைமலைக்காற்று (பொள்ளாச்சி)

நான் உரிமம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கி, இரண்டு ஆண்டுகளாகத் தென்னைக்கும் நெல்லுக்கும் ட்ரோனில் மருந்தடிக்கிறேன். அண்ணாவின் வயலுக்கு வந்த குழு நான் இல்லை. ஆனாலும் தொழிலின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

பத்து லிட்டர் தொட்டியுள்ள ட்ரோன், மருந்தும் மின்கலமும் சேர்ந்து 25 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. 25ஐத் தாண்டினால் அது நடுத்தர வகையாகிவிடும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் போகும் இடத்தில், நாங்கள் பத்து லிட்டரில் முடிக்கிறோம். அதே அளவு மருந்து அவ்வளவு குறைந்த தண்ணீரில் கரைந்திருப்பதால் ஒவ்வொரு துளியும் பல மடங்கு செறிவானது. துளியும் நுண்ணியது. காற்றில்லாத அதிகாலையில் ட்ரோனின் இறக்கைகள் கீழே தள்ளும் காற்று அந்தத் துளிகளைப் பயிருக்குள் அழுத்திவிடும். காற்று எழுந்துவிட்டால் பயிரின் மேல்மட்டத்துக்கு வருவதற்குள் அவை பக்கவாட்டில் நழுவிவிடும். பாலக்காட்டுக் கணவாயில் கார்த்திகையிலிருந்து தை வரை வீசும் கிழக்குக் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டது இந்தக் கணவாயின் காற்றை நம்பித்தான்.

ஒன்பதரை மணிக்கு அந்தத் தம்பி ட்ரோனை எடுத்திருக்கவே கூடாது. ஏன் எடுத்தார் என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கு ஏக்கர் கணக்கில்தான் கூலி. அன்று அடிக்காவிட்டால் டீசலும் நாளும் போயிற்று. எல்லையில் போன இரண்டு மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. அந்த இழப்பை ஈடுகட்ட அவர் காற்றில் பறந்தார், அதன் விலையை மூன்றாவது ஒருவர் கொடுத்திருக்கிறார். எங்கள் பயிற்சியில் ட்ரோன் கவிழாமல் பறப்பதற்கான காற்று வரம்பை நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ட்ரோன் தாங்கும் காற்றை மருந்துத் துளி தாங்குவதில்லை என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லித் தர வேண்டும்.

அண்ணா, என்ன மருந்து கொடுத்தீர்கள்?

வயல்வரப்பு

குளோராண்ட்ரனிலிப்ரோல். கடைக்காரர் இலைச்சுருட்டுக்கு இதுதான் கேட்கும் என்றார். காற்று எழுந்ததை நானும் பார்த்தேன் தங்கச்சி. "வந்தது வந்தீர்கள், அடித்துவிட்டே போங்கள்" என்று சொன்னதும் நான்தான். முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டேன்.

மல்பெரித்தோட்டம் (கொழிஞ்சாம்பாறை)

அந்த மேற்குத் தோட்டம் என்னுடையது. தம்பி இந்த இழையைக் காட்டியதால் எழுதுகிறேன். இலைச்சுருட்டுப் புழுவும் பட்டுப்புழுவும் ஒரே அந்துப்பூச்சி இனவரிசை. அதைக் கொல்லும் மருந்து இதையும் கொல்லும். இந்த மருந்தோ மல்பெரி இலையில் பட்டால் வாரக்கணக்கில் நிற்கக்கூடியது, மிகச் சிறிய அளவே புழுவுக்குப் போதும். முந்தைய நாள் மாலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு நாளுக்கான இலையை அறுத்து ஈரச் சாக்கில் மூடி வைத்திருப்பேன். கிழக்கு ஓரத்து நான்கு வரிசையைத் தொடாமல் விட்டிருப்பேன். 100 முட்டைத் தொகுதி வளர்த்தேன். நன்றாக வந்திருந்தால் எழுபது கிலோ கூடாவது கிடைத்திருக்கும். கையில் வந்தது பதினொரு கிலோ.

எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் வெறுப்பு இல்லை. நாளை என் தோட்டத்துக்கும் அது தேவைப்படலாம்.

எல்லைவாசி (வேலந்தாவளம்)

இதனால்தான் நான் சொல்கிறேன், காவல் துறைக்கு இன்னும் அதிகாரம் வேண்டும். காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்ததன் துயரத்தைக் கேரளம் இன்னும் சுமக்கிறது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் தடை செய்யும் வரை போராட வேண்டியிருந்தது. வானத்திலிருந்து மருந்து என்றாலே இங்கே மக்களுக்கு நடுக்கம் வருவதில் நியாயம் இருக்கிறது. எல்லையில் நிறுத்தி, மாநிலத்தின் அனுமதி இல்லாமல் விடக் கூடாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் மசோதா வரைவில் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் காவல் துறைக்கு அதிகாரம் இருக்கிறதே, அதை வரவேற்போம்.

கறுப்பு அங்கி

காசர்கோட்டைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதையின் பாடத்தை நீங்கள் தவறான இடத்தில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஹெலிகாப்டருக்கு உரிமம் இல்லை என்பதல்ல குறை. பறப்பதற்கான தாள்கள் எல்லாம் இருந்தாலும், கீழே இருந்தவர்களின் கிணறும் உடலும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. இந்த வழக்கிலும் காவலர் நிறுத்தினார், இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார், கடைசியில் விட்டார். அது அக்காவின் புழுக்களைக் காப்பாற்றவில்லை. மாறாக, அந்தத் தாமதமே வேலையைக் காற்று நேரத்துக்குத் தள்ளியது. காவலரின் கேள்வி மாநில எல்லையைப் பற்றியது. காற்றின் திசையையோ தொட்டியில் உள்ள மருந்தையோ அவர் கேட்கவில்லை, கேட்கும்படி அவருக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் பறிமுதல் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நான்கு வண்டிகள் நிற்கும், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறொரு சட்டத்தில் எழுதப்பட்டே இருக்கின்றன. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 43ஆவது விதி வான்வழித் தெளிப்பைப் பற்றியது. தெளிக்கும் பகுதியை எல்லை குறித்துக் காட்டுவது இயக்குபவரின் பொறுப்பு. தெளிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உரிய அதிகாரிகள் மூலம் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்பில்லாத மனிதர்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பகுதிக்குள் வராமல் தடுக்க வேண்டும். ட்ரோன் என்ற சொல்லே இந்த நாட்டில் புழங்காத காலத்தில் எழுதிய விதி இது. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் ட்ரோன் தெளிப்புக்கென்று தனியாகச் செயல்முறையையும் வெளியிட்டது. மல்பெரி அக்கா கேட்ட "முந்தைய நாள் ஒரு வார்த்தை" சட்டப்படி அவருக்கு உரியது.

இழப்பீட்டுக்கு வருகிறேன். ட்ரோன் விதிகளின்படி நானோ வகை நீங்கலாக எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ட்ரோனால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு, இழப்பீட்டு ஏற்பாடுகள் உரிய மாற்றங்களோடு பொருந்தும் என்று விதி சொல்கிறது. லாரி மோதி வேலி உடைந்தால் எந்த வழியில் போவோமோ, ஏறத்தாழ அந்த வழி. இதில் காப்பீட்டு நிறுவனம் இரண்டு இடங்களில் தகராறு செய்யும் என்று எதிர்பாருங்கள். ட்ரோன் விழுந்து சேதம் ஆகவில்லை, அது தெளித்த மருந்தால்தான் ஆயிற்று என்பது ஒன்று. அந்த மருந்தால்தான் புழு செத்தது என்பதற்குச் சான்று என்ன என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பாலிசியின் விலக்குப் பகுதியைப் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு இலையும் செத்த புழுவும் ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும். தவிர, பாலிசி ஒத்துவராவிட்டாலும் கவனக்குறைவுக்காக இயக்குபவர் மேல் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை போய்விடாது. வயலின் உரிமையாளரும் பொறுப்பிலிருந்து முழுக்கத் தப்ப முடியாது. அவர் அதை இங்கேயே ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன்.

கோபுரத்திலிருந்து

வழக்கறிஞர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ட்ரோன் விதிகளை மீறினால் அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். 2021இல் அந்த விதிகளை எளிமைப்படுத்தியபோது படிவங்களை 25இலிருந்து 5 ஆகவும், கட்டண வகைகளை 72இலிருந்து 4 ஆகவும் குறைத்தார்கள். அதை நான் மனதார ஆதரித்தவன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் என் பணிக்காலம் முழுவதும் பாதுகாப்பு என்று நாங்கள் பேசியது விமானத்தையும் அதில் இருப்பவரையும் பற்றியே. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்தபோது அதில் இருந்த 241 பேரோடு தரையில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். கீழே இருப்பவரைப் பற்றி நாங்கள் போதுமான அளவு நினைக்கவில்லை என்று அன்று முதல் என் மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ட்ரோனில் மேலே யாருமே இல்லை. அதன் பாதுகாப்புச் சட்டம் முழுக்க முழுக்கக் கீழே இருப்பவருக்கானதாகவே இருந்தாக வேண்டும்.

எல்லைவாசி

ஒப்புக்கொள்கிறேன். 24 மணி நேர அறிவிப்பு எனக்குத் தெரியாது. ஆனால் யாரிடம் அறிவிப்பது? ட்ரோன் தமிழ்நாட்டுக்காரருடையது, வயல் கேரளத்தில் இருக்கிறது, பக்கத்துத் தோட்டம் சில இடங்களில் மறுபடி தமிழ்நாட்டில் இருக்கும். பரம்பிக்குளம் ஆழியாற்றிலிருந்து சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று இரு மாநிலமும் கையெழுத்திட்டிருக்கின்றன. காற்றுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆனைமலைக்காற்று

எங்கள் குழுவில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். கேரளப் பக்கம் என்றால் கிருஷி பவனுக்கும் (வேளாண் அலுவலகம்) பாடசேகர சமிதிச் (நெல் விவசாயிகள் குழு) செயலருக்கும், தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வேளாண் விரிவாக்க மையத்துக்கும் முந்தைய நாள் காலையிலேயே வயலின் இடம், மருந்தின் பெயர், நேரம், எங்கள் பதிவு எண் ஆகியவற்றை எழுதி அனுப்புகிறோம். அதே தாளின் நகலை வண்டியில் வைத்திருக்கிறோம். அதைப் பார்த்த காவலர் யாரும் எங்களைப் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தியதில்லை. காற்றுக்கு ஒத்திவைத்தால் வண்டிச் செலவில் பாதியை விவசாயி தர வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்கிறோம். இது இல்லாமல் எந்த இயக்குநருக்கும் "இன்று முடியாது" என்று சொல்லத் துணிவு வராது.

வயல்வரப்பு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அந்தக் குழுவிடம் கேட்டதில் பாலிசியின் நகலைத் தந்தார்கள். அதில் தெளிப்பால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது. வழக்கறிஞர் ஐயா சொன்ன இடத்தில்தான் சிக்கியது. இயக்குநரும் நானும் அக்காவின் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். கூட்டின் சந்தை விலைப்படி கணக்குப் போட்டு, ஆளுக்குப் பாதியாக மூன்று தவணையில் தருவதாக எழுதிக்கொடுத்திருக்கிறோம். முதல் தவணை போய்விட்டது. எங்கள் பாடசேகர சமிதியின் அடுத்த கூட்டத்தில், மல்பெரியும் தேன்பெட்டியும் எந்தெந்தச் சர்வே எண்ணில் இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டு, ட்ரோன் அழைக்கிறவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவருகிறேன்.

மல்பெரித்தோட்டம்

கிழக்கு வரிசைகளை அடியோடு வெட்டிவிட்டேன், துளிர் வந்திருக்கிறது. முழு வளர்ப்புக்கு முட்டை வாங்கும் முன், பக்கத்து வளர்ப்பாளரிடம் ஐம்பது புழு வாங்கி அந்தத் துளிரைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். ஆனைமலை அம்மணி, உங்கள் அறிவிப்புத் தாளின் மாதிரியை இங்கே ஏற்றிவிடுங்கள். எங்கள் சமிதிச் செயலருக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.